கெய்ர்ன்கோர்ம் மலைகளில் அக்டோபர் பனி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபர் மூன்றாம் வாரத்தில், ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கோர்ம் மலைத்தொடரிலுள்ள பென் மக்டூயி சிகரத்துக்கு நடந்து செல்வதற்காக நாங்கள் நால்வர் புறப்பட்டோம். அடிவாரத்தில் ஈரம் மட்டுமே இருந்தது. மேலே நாங்கள் எதிர்பாராத புதுப்பனி; கணுக்கால் அளவில் தொடங்கி, சில இடங்களில் முழங்காலைத் தொட்டது. சிகரத்தை அடையாமலே திரும்பினோம். படங்களைப் பார்த்த நண்பர்களும், அடுத்த ஆண்டு இதே பருவத்தில் அங்கே செல்லத் திட்டமிடுபவர்களும் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஸ்காட்லாந்தில் அக்டோபரிலேயே பனி விழுமா?

விழும். தாழ்வான ஊர்களில் அது அரிது. 900 மீட்டருக்கு மேலே வியப்பதற்கு ஒன்றுமில்லை. வடதுருவப் பகுதியிலிருந்து குளிர்ந்த காற்று தெற்கு நோக்கி இறங்கும்போது, கோடையின் வெப்பத்தை இன்னும் இழந்துவிடாத கடலைக் கடந்து வருகிறது. கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் அந்தக் காற்று மலையில் மோதி மேலெழும்போது, கீழே மழையாக விழுவது மேலே பனியாக விழுகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் உருகிவிடும் என்பதால், அதைக் காணாதவர்கள் அது விழுவதே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கெய்ர்ன்கோர்ம் மலைகளில் கோடையைத் தாண்டி நிற்கும் பனித்திட்டுகளும் உண்டு. ப்ரேரியாக் மலையின் ஒரு குடைவில் கிடக்கும் 'ஸ்ஃபிங்ஸ்' என்ற திட்டு, இருபதாம் நூற்றாண்டில் 1933, 1959, 1996 ஆகிய மூன்று ஆண்டுகளில் மட்டுமே முழுவதுமாக உருகியது. இப்போது நிலைமை மாறிவிட்டது; 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அது அடுத்தடுத்து மறைந்தது.

பென் மக்டூயியின் உயரம் 1,309 மீட்டர்தானே? தொட்டபெட்டா இதைப்போல் இரண்டு மடங்கு உயரமாயிற்றே?

இந்தக் கேள்வியை என் மாமா கேட்டார், நியாயமான கேள்விதான். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். பிரிட்டனின் மிக உயர்ந்த மலையான பென் நெவிஸ்கூட 1,345 மீட்டர்தான். பென் மக்டூயி அதற்கு அடுத்தது. ஆனால் நீலகிரி நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகை வடக்கே இருக்கிறது. கெய்ர்ன்கோர்ம் 57 பாகை வடக்கே இருக்கிறது. பென் நெவிஸ் உச்சியில் 1883 முதல் 1904 வரை ஒரு வானிலை ஆய்வுக்கூடம் இயங்கியது. அங்கே பதிவான சராசரி ஆண்டு வெப்பநிலை உறைநிலைக்குச் சற்றுக் கீழே. கோடையையும் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி அது.

இந்தக் குழப்பத்துக்குப் 'பனி' என்ற சொல்லும் ஒரு காரணம். தமிழில் பனி என்றதும் நமக்கு மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளிதான் நினைவுக்கு வருகிறது; ஊட்டியின் உறைபனியும் சூரியன் ஏறியதும் போய்விடுகிறது. இங்கே நான் பனி என்று எழுதுவது, வானிலிருந்து விழுந்து தரையை மூடிக் கிடப்பதை. பத்து மணிக்கு அது கரைவதில்லை, இன்னும் ஆழமாகிறது.

அன்று என்னதான் நடந்தது?

கெய்ர்ன் கோர்ம் பனிச்சறுக்கு மையத்தின் வாகன நிறுத்துமிடத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய 630 மீட்டர் உயரத்திலிருந்து, காலை 8.40-க்கு நடக்கத் தொடங்கினோம். என் மனைவியும், என்னுடன் பணிபுரியும் இருவரும், நானும். ஸ்னெக்டா குடைவிலிருந்து வரும் ஓடையைக் கடந்து, மேற்கிலுள்ள முகட்டின் வழியே ஏறி, கெய்ர்ன் லோக்கனின் தோளைச் சுற்றி, லோக்கன் பூயி என்ற சிறு குளத்தைத் தாண்டி, அங்கிருந்து பாறைக் குவியல்கள் நிறைந்த சரிவில் சிகரத்தை அடைவதே திட்டம். போய்வரச் சுமார் 16 கிலோமீட்டர்.

முதல் ஒரு மணி நேரம் மழைக்கும் பனிக்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்று பெய்துகொண்டிருந்தது. 850 மீட்டரில் ஹெதர் புதர்களின் தலைகள் வெளுக்கத் தொடங்கின. 950 மீட்டரில் பாதை மறைந்துவிட்டது. காற்று வடக்கிலிருந்து, எங்கள் முதுகுப் பக்கமாக வீசியது. முதுகில் தள்ளும் காற்று மனிதனை ஏமாற்றிவிடும்: நடை எளிதாகிறது, முகத்தில் குளிர் தெரிவதில்லை, நிலைமை இவ்வளவுதான் என்று தோன்றிவிடுகிறது. திரும்பும்போது அதே காற்றை நேராக முகத்தில் வாங்கியாக வேண்டும் என்ற கணக்கை நான் அப்போது போடவில்லை.

முகட்டின் மேற்பகுதியில், என் நண்பர் ஒருவரின் இடது கால் இரண்டு பாறைகளுக்கு இடையே தொடை வரை இறங்கியது. பனி அந்த இடைவெளியை மூடிச் சமதரை போல் காட்டியிருந்தது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை; ஆனால் காலை வெளியே இழுத்தபோது பூட்ஸின் கயிறு அவிழ்ந்துவிட்டது. அதைக் கட்டுவதற்காக அவர் கையுறையைக் கழற்றினார். நனைந்திருந்த கயிறு கம்பி போல விறைத்துக் கிடந்தது. முடிச்சுப் போட வளையவில்லை. வாயருகே வைத்து ஊதி ஊதி, மூன்றாவது முயற்சியில் கட்டி முடித்தபோது அவர் விரல்கள் மெழுகு நிறத்துக்கு மாறியிருந்தன. கழற்றி வைத்த கையுறைக்குள் ஒரு பிடி பனி புகுந்திருந்தது. ஒரு கயிறு கட்டப் பத்து நிமிடங்கள்! அந்தப் பத்து நிமிடமும் மற்ற மூவரும் அசையாமல் நின்று குளிர்ந்துபோனோம்.

லோக்கன் பூயியை நாங்கள் 10.40 அளவில் அடைந்திருக்க வேண்டும். அடைந்தபோது மணி 12.10. குளம் எது, கரை எது என்று பிரித்தறிய முடியவில்லை. அங்கேயே திரும்பினோம்.

பனி எதிர்பாராதது என்கிறீர்களே, வானிலை அறிக்கையைப் பார்க்கவில்லையா?

பார்த்தேன், தவறான இடத்துக்கான அறிக்கையைப் பார்த்தேன். கைபேசியில் ஏவிமோர் ஊரின் வானிலை 7 பாகை செல்சியஸ், விட்டுவிட்டு மழை என்று காட்டியது. ஏவிமோர் இருப்பது கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டரைச் சற்றே தாண்டிய உயரத்தில்; சிகரம் அதற்கும் 1,100 மீட்டர் மேலே. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக ஆறரை பாகை குறையும் என்ற பள்ளிக்கூடக் கணக்கைப் போட்டிருந்தாலே சிகரத்தில் பூஜ்யம் என்பது தெரிந்திருக்கும். ஆகவே எதிர்பாராதது என்ற சொல்லை எங்களைப் பற்றிச் சொல்லலாமே தவிர, பனியைப் பற்றிச் சொல்ல முடியாது.

மலை செல்பவர்கள் பார்க்க வேண்டியவை இரண்டு: மௌண்டன் வெதர் இன்ஃபர்மேஷன் சர்வீஸ் வட்டாரவாரியாக வெளியிடும் மலை வானிலை அறிக்கையும், பிரிட்டனின் வானிலை ஆய்வு நிறுவனமான மெட் ஆபீஸின் மலைகளுக்கான அறிக்கையும். அவற்றில் வெப்பநிலை சிகர உயரத்துக்குத் தரப்படும். உறைநிலை எந்த உயரத்தில் இருக்கிறது, காற்று நடப்பவரை எந்த அளவுக்குத் தடுமாறச் செய்யும், சிகரம் மேகமின்றித் தெரிய எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்பனவெல்லாம் இருக்கும். நான் முதலில் பார்ப்பது இப்போது காற்றைத்தான். வெப்பநிலை 0 பாகையாக இருக்கும்போது காற்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், திறந்த தோலுக்கு அது ஏறத்தாழ மைனஸ் 9 பாகையாக உறைக்கும். கெய்ர்ன் கோர்ம் உச்சியிலுள்ள தானியங்கி நிலையம் 1986 மார்ச் 20 அன்று மணிக்கு 173 மைல் வேகக் காற்றைப் பதிவுசெய்தது. அது அபூர்வம்தான், ஆனாலும் அந்த மேட்டு நிலம் எப்படிப்பட்டது என்பதற்கு அது ஓர் அளவுகோல்.

இலையுதிர் காலப் பனி, குளிர்காலப் பனியைவிட எளிதானதல்லவா?

குறைவான பனி என்றால் குறைவான தொல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் பல வகைகளில் அது கடினம். பிப்ரவரியில் பனி பலமுறை உருகி உறைந்து, காற்றால் அழுந்தி, பாறைகளின் மேல் ஒரு தளம் போலக் கெட்டித்திருக்கும். ஏற்ற கருவிகளோடு அதன்மேல் சீராக நடந்துவிடலாம். அக்டோபரில் கீழே தரை உறைந்திருக்காது. பனிக்கடியில் சேறு, சேற்றுக்கடியில் தண்ணீர், இடையிடையே வழுக்கும் கல் என்று ஒவ்வோர் அடியும் ஒவ்வொரு விதமாக இறங்கும். பாறைகளை மூடும் அளவுக்குப் பனி இருக்கும். தாங்கும் அளவுக்கு இருக்காது.

அதைவிட முக்கியமானது, ஆட்களின் நிலை. ஜனவரியில் மலைக்குச் செல்பவர் குளிர்காலத்துக்கென்று ஆயத்தமாகிச் செல்கிறார். அக்டோபரில் செல்பவரின் பையில் கோடைக் கையுறை இருக்கும், மனத்தில் பொன்னிறப் புல்வெளிப் படங்கள் இருக்கும்.

பனிக்கோடரியும் கிராம்பானும் கொண்டு செல்ல வேண்டுமா?

மெத்தென்ற புதுப்பனி பாறைகளின் மேல் கிடக்கும் நாளில், பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முட்சட்டமான கிராம்பான் பெரிதாக உதவாது. கற்களில் தட்டித் தடுக்கும். பனி விழுந்து, பகலில் சிறிது உருகி, இரவில் மீண்டும் உறைந்த மறுநாள் காலை என்றால் கதை வேறு: அப்போது பாறைகளின்மீது கண்ணாடிப் பூச்சு போன்ற மெல்லிய பனிக்கட்டி படிந்திருக்கும். பூட்ஸின்மேல் மாட்டும் சிறிய சங்கிலி முட்கள் சமமான பாதையில் அதற்கு ஈடுகொடுக்கும். செங்குத்தான சரிவில் அவற்றை நம்பக் கூடாது. கருவியைவிட அதைப் பயன்படுத்தும் பயிற்சி முக்கியம். கீழே க்ளென்மோரில் தேசிய வெளிப்புறப் பயிற்சி மையம் இருக்கிறது. ஓரிரு நாள் வகுப்பில் அடிப்படைகளைக் கற்றுக்கொள்ளலாம். எங்களுக்கு அன்று மிகவும் உதவியவை ஊன்றுகோல்கள்தான். முன்னே குத்திப் பார்த்து ஆழமறிந்து காலை வைக்க முடிந்தது.

எத்தகைய உடைகள் தேவை?

பருத்தி வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்த பருத்தி உடல் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு உலராமல் கிடக்கும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவில் ஃப்ளீஸ், மேலே நீர்புகா மேற்சட்டையும் கால்சட்டையும். நிற்கும்போது மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே போட்டுக்கொள்ள ஒரு பெரிய பஞ்சு ஜாக்கெட். அதை நடக்கும்போது அணிந்தால் வியர்த்து உள்ளிருந்தே நனைந்துவிடுவீர்கள்.

கையுறைகளைப் பற்றி மட்டும் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆளுக்கு மூன்று ஜோடி: மெல்லியது ஒன்று, தடித்தது ஒன்று, பையின் அடியில் பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்த உலர்ந்தது ஒன்று. ஐந்து விரலும் தனித்தனியாக உள்ளதைவிட, நான்கு விரலையும் ஒன்றாக மூடும் உறை கதகதப்பானது. திரும்பும் வழியில் மணிமணியாக உறைந்த பனி முகத்தில் மணலை வாரி வீசியதுபோல் அடித்தபோது, கண்ணாடி அணிந்திருந்த என் மனைவியால் ஒன்றும் பார்க்க முடியவில்லை. பனிச்சறுக்குக்காரர்கள் அணியும் மூடுகண்ணாடி ஒன்று இருந்திருந்தால் எங்கள் நடை வேகமாகியிருக்கும்.

சாப்பாடு?

நாங்கள் செய்த தவறு, கையுறையைக் கழற்றினால்தான் உண்ண முடியும் என்ற உணவைக் கட்டிச் சென்றது. புளியோதரை. எடின்பரோவில் இரவில் கிளறியபோது அற்புதமாக இருந்தது. மலைமேல் டப்பாவைத் திறந்தபோது சோறு விதை விதையாக விறைத்து, கரண்டி இறங்கவில்லை. கையுறையோடு பிடித்துக் கடிக்கக்கூடியதாக எது இருந்தாலும் நல்லது: சர்க்கரை தடவிச் சுருட்டிய சப்பாத்தி, பேரீச்சம்பழம், சாக்லேட். கடலை மிட்டாயைச் சிறு துண்டுகளாக உடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால், நடந்துகொண்டே வாயில் போட்டுக்கொள்ளலாம். உட்கார்ந்து உண்ணும் வேளை என்று ஒன்று அங்கே வாய்ப்பதில்லை. பிளாஸ்கில் இனிப்பான தேநீர் கட்டாயம்.

எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எப்படிக் கணக்கிடுவது?

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் வகுத்த விதியைத்தான் இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். இன்றைய அளவில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிடம் கூடுதல். எங்கள் பாதைக்கு அது நாலரை மணி நேரம் என்று காட்டியது. லோக்கன் பூயி வரையிலான ஐந்தரை கிலோமீட்டருக்கும் 500 மீட்டர் ஏற்றத்துக்கும் விதிப்படி ஏறத்தாழ இரண்டு மணி நேரம். நாங்கள் எடுத்துக்கொண்டது மூன்றரை. புதுப்பனி என்றால் விதி சொல்லும் நேரத்தை இரண்டால் பெருக்கிவிடுவதே என் இப்போதைய வழக்கம்.

பகலும் குறைந்துகொண்டே வருகிறது. அக்டோபர் மூன்றாம் வாரத்தில் அங்கே ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறையும். அந்த மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். உடனே மறைவு நேரம் நாலரைக்கு வந்துவிடும். சென்ற வாரம் சரியாக இருந்த திட்டம் இந்த வாரம் இருட்டில் முடியும். நெற்றி விளக்கு ஆளுக்கொன்று, மாற்று மின்கலத்தோடு.

பாதை மறைந்த பிறகு வழி எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

வந்த காலடித் தடங்களைப் பார்த்தே திரும்பிவிடலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். குளத்தருகே திரும்பி நின்றபோது எங்கள் தடங்கள் ஐம்பதடிக்கு மேல் தெரியவில்லை. காற்று அவற்றை நிரப்பிக்கொண்டே வந்திருக்கிறது.

மேகமும் பனியும் ஒரே வெண்மையாகிவிடும் நிலையை அங்கே ஒயிட் அவுட் என்கிறார்கள். இருட்டில்கூடக் காலடியில் விளக்கின் நிழல் இருக்கும். இதில் மேடும் பள்ளமும் நிழலற்று ஒன்றாகிவிடுகின்றன. கைபேசி வரைபடம் உதவும், ஆனால் குளிரில் மின்கலம் வேகமாக இறங்கும், ஈர விரலுக்குத் திரை மசியாது. என் நண்பரிடம் பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடமும் திசைகாட்டியும் இருந்தன, பயன்படுத்தவும் தெரிந்திருந்தது. அவர் திசைக்கோணம் குறித்துச் சொல்ல, ஒருவர் முன்னே முப்பதடி நடப்பார். பின்னாலிருந்து 'இடப்பக்கம், இன்னும் கொஞ்சம்' என்று சரிசெய்வோம். பிறகு எல்லோரும் அவரிடம் போய்ச் சேருவோம். மெதுவான வேலை. ஆனால் கெய்ர்ன் லோக்கனின் வடக்கு முகம் செங்குத்துப் பாறைகளாக ஒரு குடைவுக்குள் விழுகிறது. கேலிக் மொழியில் இந்தக் குடைவுகளைக் 'கோரி' என்பார்கள். கொப்பரை என்று பொருள். அந்தக் கொப்பரையின் விளிம்பை இருநூறு அடி தள்ளியே கடக்க வேண்டும் என்பதில்தான் எங்கள் கவனமெல்லாம் இருந்தது.

பென் நெவிஸ் செல்பவர்களுக்கு இது இன்னும் கூர்மையான விஷயம். அந்த உச்சியிலிருந்து மேகத்தில் இறங்குவோர், அளவைத் தூணிலிருந்து வரைபடக் கோணம் 231 பாகையில் 150 மீட்டர் நடந்து, பிறகு 282 பாகைக்குத் திரும்ப வேண்டும். ஒருபுறம் வடக்கு முகத்தின் பாறைச் சுவர், மறுபுறம் ஐவிரல் பள்ளம் என்றழைக்கப்படும் மரணப் பொறி. இந்த இரண்டு எண்களையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஏறுவது கோழைத்தனமல்ல.

சிகரத்துக்கு இரண்டரை கிலோமீட்டர்தானே மீதமிருந்தது? ஏன் திரும்பினீர்கள்?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். கணக்குப்படி முடியாததல்ல. பனி நடையில் இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம். சிகரத்தில் இரண்டு மணி. இறங்க மூன்றரை மணி நேரம் என்றாலும் ஆறுக்குள் வாகனத்தை அடைந்துவிடலாம். என் மனைவிதான் இந்தக் கணக்கில் இல்லாதவற்றை எண்ணினார்: மூன்று பேரின் கையுறைகள் நனைந்துவிட்டன, இனிமேல் காற்று எதிர்க்காற்று, இன்னொரு பூட்ஸ் கயிறு அவிழ்ந்தால் இன்னும் பத்து நிமிடம், இரண்டு மணி நேரமாக ஒருவரும் சிரித்துப் பேசவில்லை. கடைசியாகச் சொன்னதுதான் என்னை நிறுத்தியது.

காலையில் புறப்படும்போதே, 'ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது' என்று பேசி வைத்திருந்தோம். அந்த நேரத்துக்கு இன்னும் ஐம்பது நிமிடங்கள் இருந்தன. திரும்பும் நேரம் என்பது வெளி எல்லை மட்டுமே. அதற்கு முன்னால் திரும்பவே கூடாது என்பதில்லை. இறங்கி வாகனத்தை அடைந்தபோது மணி 4.05. பாதி வழியில் பனி மழையாகிவிட்டது. அந்த மழைதான் அன்று எங்களை அதிகம் நனைத்தது.

மேலே ஒதுங்குவதற்குக் குடில்கள் உண்டா?

பள்ளத்தாக்குகளில் உண்டு; கதவு பூட்டாத இந்தக் கற்குடில்களை பாத்தி என்பார்கள், லைரிக் க்ரூ கணவாயிலுள்ள கொரூர் பாத்தி அவற்றில் பெயர்பெற்றது. மேட்டு நிலத்தில் இல்லை, இருந்தவற்றை அகற்றிவிட்டார்கள்.

அதன் காரணம் நாங்கள் திரும்பிய இடத்தோடு தொடர்புடையது. 1971 நவம்பரில் எடின்பரோவைச் சேர்ந்த பள்ளி மாணவர்கள் ஆறு பேர் கொண்ட ஒரு குழு, இரண்டு இளம் வழிகாட்டிகளோடு இந்த மேட்டு நிலத்தில் பனிப்புயலில் சிக்கியது. லோக்கன் பூயிக்கு அருகிலிருந்த கர்ரன் என்ற சிறு கொட்டகையை அடைய முயன்றார்கள். புயலில் அதை அடைய முடியவில்லை. திறந்தவெளியில் இரண்டு இரவுகள் கழிந்தன. ஐந்து மாணவர்களும், பதினெட்டே வயதான துணை வழிகாட்டியும் இறந்தனர். பிரிட்டனின் மலை விபத்துகளில் மிகக் கொடியது என்று அது இன்றும் நினைவுகூரப்படுகிறது. மேலே கொட்டகை இருப்பதே, புயலிலும் அதை நம்பி மேலே செல்லத் தூண்டுகிறது என்ற வாதம் நீண்ட விவாதத்துக்குப் பின் வென்று, 1975-இல் அவை இடிக்கப்பட்டன. மாதம் நவம்பர் என்பதைக் கவனியுங்கள். அதுவும் இலையுதிர் காலக் கணக்குதான்.

நாங்கள் எடுத்துச் சென்றது நான்கு பேர் உள்ளே அமரக்கூடிய துணிக்கூடு. கம்பமில்லாத கூடாரம், தலைக்குமேல் இழுத்துவிட்டு ஓரத்தின்மேல் உட்கார்ந்துகொள்ள வேண்டும். உள்ளே புகுந்த இரண்டு நிமிடங்களில் காற்றின் ஓசை அடங்கி, நால்வரின் மூச்சில் கதகதப்பு ஏறியது. அரைக் கிலோ எடைக்கு அதைவிடப் பயனுள்ள பொருள் எதுவும் என் பையில் இல்லை.

குளிர் ஒருவரை ஆபத்தான நிலைக்குக் கொண்டுசெல்கிறது என்பதை எப்படி அறிவது?

உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்குவதே அபாயம். அதற்கு ஆளானவர் அதை உணரமாட்டார். உடன் இருப்பவர்தான் கவனிக்க வேண்டும். பேச்சு குழறும், கால் தடுமாறும், விரல்கள் ஜிப்பை இழுக்கக்கூட இசையாது, காரணமில்லாத எரிச்சல் வரும், அல்லது எதிலும் அக்கறையற்றுப் போவார். நடுக்கம் இருக்கும்வரை உடல் போராடுகிறது என்று பொருள். நடுக்கம் நின்று அவர் அமைதியாகிவிட்டால் நிலைமை மோசமாகிறது. காற்றிலிருந்து மறைத்து, பையையோ பாயையோ அடியில் போட்டுத் தரையிலிருந்து பிரித்து, உலர்ந்த உடை போர்த்தி, முழு நினைவோடு விழுங்க முடிந்தால் இனிப்பும் சூடான பானமும் கொடுக்க வேண்டும். கைகால்களைத் தேய்க்கக் கூடாது. மது கூடவே கூடாது. அது வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுவந்து வெளியே விரயமாக்கும்.

உதவிக்கு யாரை அழைப்பது? செலவாகுமா?

999 அல்லது 112 எண்ணை அழைத்து, முதலில் போலீஸ் என்றும், அவர்களிடம் மலை மீட்பு என்றும் கேட்க வேண்டும். பேசும் அளவுக்குச் சமிக்ஞை இல்லாத இடத்தில் குறுஞ்செய்தி போய்ச் சேரலாம். அதற்கு முன்கூட்டியே 'ரெஜிஸ்டர்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் 999-க்கு அனுப்பிப் பதிந்துவைத்திருக்க வேண்டும். ஊதலும் விளக்கும் உதவும்: ஒரு நிமிடத்தில் ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மீண்டும் ஆறு. மறுமொழி மூன்று முறையாக வரும். மீட்புக் குழுவினர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். மீட்டதற்குப் பணம் கேட்பதில்லை. அவர்களும் அதே பனியில்தான் ஏறி வர வேண்டும் என்பதால், வர மணிக்கணக்கில் ஆகும்.

பனிச்சரிவு அபாயம் உண்டா?

அக்டோபரில் குறைவு, ஆனால் இல்லை என்று சொல்வதற்கில்லை. காற்று பனியை வாரிக்கொண்டுபோய்ச் சரிவின் மறுபக்கத்தில் குவிக்கும். அத்தகைய செங்குத்துச் சரிவுகளை விலக்கி நடக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் பனிச்சரிவு எச்சரிக்கைச் சேவை டிசம்பர் நடுப்பகுதியில்தான் தன் தினசரி அறிக்கைகளைத் தொடங்கும். அறிக்கை இல்லாததை அபாயம் இல்லை என்று படித்துவிடக் கூடாது.

அனுமதிச் சீட்டு ஏதேனும் வாங்க வேண்டுமா?

வேண்டாம். 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு நடப்பவர்களுக்கு ஏறக்குறைய எங்கும் செல்லும் உரிமையைத் தந்திருக்கிறது. அக்டோபர் 20 வரை கலைமான் வேட்டை மும்முரமாக நடக்கும் என்பதால், அப்பகுதிகளில் மாற்றுப்பாதையில் செல்லுமாறு அறிவிப்பு இருந்தால் அதை மதிக்க வேண்டும்.

விலங்குகள் எவற்றையாவது பார்த்தீர்களா?

டார்மிகன் என்ற பறவையை மிக அருகில் பார்த்தோம். கோடையில் பாறை நிறத்திலும் குளிர்காலத்தில் வெண்மையாகவும் இருக்கும் அது, அப்போது பாதி மாறிய நிலையில், வயிறு வெள்ளையாகவும் முதுகு சாம்பலாகவும் இருந்தது. பனி முந்தி வந்துவிட்டதால் அதற்கும் எங்களைப் போலவே உடை பொருந்தவில்லை.

இறங்கும்போது மூன்று பனிமான்கள் பாதையில் நின்றன. மைக்கேல் உட்சி என்ற ஸ்வீடன் நாட்டவர் 1952-இல் இங்கே கொண்டுவந்து விட்ட மந்தையின் வழிவந்தவை. அவை எங்களைக் கடந்து நடந்தபோது, அடியெடுத்து வைக்கும்தோறும் கணுக்காலிலிருந்து 'டிக், டிக்' என்று ஓர் ஒலி வந்தது; எலும்பின்மேல் தசைநார் வழுக்கும் ஓசையாம். அந்தக் காற்றிலும் தெளிவாகக் கேட்டது.

மலையேற முடியாத நாளில் அங்கே வேறென்ன செய்யலாம்?

நிறைய. ராத்திமர்க்கஸ் காட்டிலுள்ள லோக் அன் எய்லன் ஏரியைச் சுற்றி வரலாம். ஏரியிலுள்ள சிறு தீவில் பாழடைந்த ஒரு கோட்டையும், கரையெங்கும் பழைய பைன் மரங்களும் இருக்கின்றன. நாங்கள் மறுநாள் க்ளென்மோரிலிருந்து ரைவோன் கணவாயிலுள்ள பச்சைக் குளத்துக்குப் போனோம்; போய்வர இரண்டு மணி நேரம், குழந்தைகளோடும் நடக்கக்கூடிய பாதை. பூட்ஸ்கள் விடுதியின் உலர் அறையில் இன்னும் ஈரமாகவே கிடந்ததால் சாதாரணக் காலணிகளில் நடந்தோம். வானம் முழுவதுமாகத் தெளிந்திருந்தது. பைன் மரங்களுக்கு மேலே, மலையின் குறுக்கே அளவுகோல் வைத்துக் கோடிழுத்ததுபோல் ஒரே உயரத்தில் பனி தொடங்கியிருந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே பழுப்பு, மேலே வெள்ளை. முந்தைய நாள் அந்தக் கோட்டை எந்த இடத்தில் கடந்தோம் என்று நால்வரும் நான்கு இடங்களைக் காட்டினோம்.